பலூனா, ஸ்வீப்பா? ஒரு மண்டபத்தின் எதிர்முழக்கத்தைப் பதிவு செய்வது எப்படி

கேள்வி இது: வீட்டு ஸ்டூடியோவில் ட்ரையாக, அதாவது எந்த முழக்கமும் சேராமல், பதிவான குரலுக்கு ஓர் உண்மையான தேவாலயத்தின் அல்லது கல் மண்டபத்தின் எதிர்முழக்கத்தை (ரிவெர்ப்) கொடுக்க வேண்டும், அந்த இடத்துக்குப் போய் ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்துகொண்டு வந்தால் போதுமா, அல்லது ஸ்பீக்கர், அதில் ஒலிக்கவிடும் ஸ்வீப் (கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் வரை ஏறிச் செல்லும் சோதனை ஒலி) எல்லாம் தேவைதானா?

எதற்காகப் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். எதிர்முழக்கம் எத்தனை விநாடி நீடிக்கிறது என்று அளந்து பார்ப்பதற்குப் பலூன் தாராளமாகப் போதும். அதே பதிவைப் பாட்டில் போட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் போதாது. பலூனின் சத்தம் குறைவு என்பதல்ல காரணம். சத்தம் தேய்ந்து முடியும் கடைசிக் கட்டத்தில் பதிவில் எஞ்சி நிற்பது மண்டபத்தின் ஒலியா, வெளியே ஓடும் ஜெனரேட்டரின் ஒலியா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நாம் எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மேடையில் ஓர் ஒலிமூலம், அரங்கில் ஒரு மைக் என்று வைத்துக்கொள்வோம். மூலத்திலிருந்து மிகக் குறுகிய ஒரு தட்டல் ஒலி புறப்பட்டால், மைக்கை முதலில் வந்தடைவது நேரொலி. அடுத்த சில பத்து மில்லிவிநாடிகளில் தரை, பக்கச்சுவர், கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் முதல் பிரதிபலிப்புகள் தனித்தனியாக வந்து சேரும். அதன்பின் பிரதிபலிப்புகளின் பிரதிபலிப்புகள் மேலும் மேலும் நெருங்கி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாதபடி கலந்து மெல்லத் தேயும். இந்த வரிசை முழுவதற்கும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர்; ஸ்டூடியோக்களில் ஐ.ஆர். என்றே சொல்வார்கள்.

குரல் பதிவின் ஒவ்வொரு மாதிரியையும் (டிஜிட்டல் பதிவில் ஒரு கணத்தின் ஒலி அளவைக் குறிக்கும் எண்) ஒரு சிறு தட்டலாகக் கொண்டால், அவை ஒவ்வொன்றும் தத்தம் அளவுக்கேற்ப ஒரு முழு ஐ.ஆரைத் தன் பின்னே இழுத்துக்கொண்டு வரும். அனைத்தையும் கூட்டினால், அந்தக் குரல் அந்த இடத்தில் ஒலித்திருந்தால் எப்படிக் கேட்டிருக்குமோ அது கிடைத்துவிடும். கன்வொல்யூஷன் என்பது இந்தக் கூட்டல் கணக்குத்தான். விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் 5 விநாடி ஐ.ஆர். என்பது 2,40,000 எண்கள். நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால் ஒரு விநாடி ஒலிக்கு 1,152 கோடிப் பெருக்கல்கள் ஆகும். ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபூரியே உருமாற்றத்தின் வழியாகச் செய்யும்போது வேலை பல மடங்கு குறைகிறது, ஆனால் ஒலியைப் பெரிய துண்டுகளாகச் சேர்த்துவைத்துக் கணக்கிடுவதால் தாமதம் ஏற்படுகிறது. ஐ.ஆரின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும் தேய்ந்து முடியும் வாலைப் பெரிய துண்டுகளாகவும் பிரித்து அந்தத் தாமதத்தை ஒழிக்கும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995இல் வெளியிட்டார். 1999இல் சோனியின் டிஆர்இ-எஸ்777 என்ற கருவி, உண்மையான அரங்குகளின் பதிவுகளைக் கொண்டு நிகழ்நேரத்திலேயே இதைச் செய்தது. பின்னர் ஆல்ட்டிவெர்ப் போன்ற ப்ளக்இன்கள் (பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்) வந்தன. இன்று ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுடன் வரும் ரியாவெர்ப், லாஜிக் என்ற இன்னொன்றுடன் வரும் ஸ்பேஸ் டிசைனர் ஆகிய இரண்டுமே நீங்கள் கொடுக்கும் எந்த ஐ.ஆர். கோப்பையும் ஏற்றுக்கொள்ளும். எனவே மென்பொருள் ஒரு பிரச்சினையே அல்ல. கோப்பின் தரம்தான் பிரச்சினை.

எதிர்முழக்க நேரம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தை, அதாவது ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய ஆகும் நேரத்தை. அவ்வளவு தூரம் தேய்வதை இரைச்சலில்லாமல் பதிவு செய்வது கடினம் என்பதால், அரங்க ஒலியியலாளர்கள் 5 டெசிபலிலிருந்து 35 டெசிபல் வரை குறைவதை மட்டும் அளந்து, அந்தச் சரிவை இருமடங்காக நீட்டிக் கணக்குச் சொல்கிறார்கள். அளவீட்டில் இது முறையான வழி. ஆனால் நம் காது கோட்டை நீட்டிப் பார்க்காது. பலூன் பதிவில் 3 விநாடிக்குப் பிறகு மண்டபத்தின் ஒலி இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டது, கோப்போ 8 விநாடி நீளம் என்றால், மிச்சமுள்ள 5 விநாடி இரைச்சலும் குரலோடு சேர்ந்து கன்வொல்யூஷன் ஆகும். பாடகர் வரியை முடித்த பின்னும் 'ஸ்ஸ்' என்றொரு படலம் தேயாமல் ஒரே அளவில் நீண்டு, பிறகு கத்தரித்தாற்போல் நிற்கும். மலிவான ஐ.ஆர். தொகுப்புகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒலி நன்றாகத் தெரியும்.

ஆயினும் பலூனால் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. இஸ்தான்புல்லில் உள்ள, 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோஃபியா அருங்காட்சியகமாக இருந்த காலத்தில், 2010இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் பிஸ்ஸெரா பென்ச்சேவாவும் ஒலி ஆய்வாளர் ஜோனதன் ஏபலும் முன்னெடுத்த திட்டத்துக்காக அங்கே பலூன்கள் உடைக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டன. ஏறத்தாழ 11 விநாடி எதிர்முழக்கம் கொண்ட அந்தக் கட்டடத்தின் ஒலியைக் கொண்டு, அமெரிக்காவின் கப்பெல்லா ரோமானா குழுவினர் பைசாந்தியத் திருப்பாடல்களைப் பாடி 2019இல் ஆல்பமாகவே வெளியிட்டார்கள். பலர் கவனிக்காத செய்தி இதில் ஒன்றுண்டு: அவர்கள் பலூன் பதிவை அப்படியே கன்வொல்யூஷனில் போடவில்லை. ஒவ்வோர் அலைவரிசைப் பட்டையிலும் ஆற்றல் எப்படித் தேய்கிறது, பிரதிபலிப்புகள் எவ்வளவு விரைவில் அடர்த்தியாகின்றன என்பதைப் பலூன் பதிவிலிருந்து கணித்து, அந்த அளவுகளின்படி புதிதாக ஓர் ஐ.ஆரைக் கட்டமைத்தார்கள். பலூன் அவர்களுக்குத் தகவல் தந்தது. ஒலியை அவர்கள் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பலூனின் மற்றக் குறைகளும் இதனால்தான் அங்கே தாண்டிப் போக முடிந்தவையாக இருந்தன. வெடிக்கும் பலூன் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக ஒலிப்பதில்லை. கிழிசல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து மாறும். ஒரு பலூனைப் போல் இன்னொன்று வெடிப்பதில்லை என்பதால் இரண்டு பதிவுகளைச் சேர்த்துச் சராசரி காணவும் முடியாது. சிறிய பலூனில் அடித்தள ஒலி மிகக் குறைவு. கைதட்டலில் இன்னும் குறைவு. நம்மூரில் உடனே மனத்தில் எழும் யோசனை பட்டாசு. அடித்தள ஒலி அதில் உண்டுதான், ஆனால் புகை, அனுமதி, அடுத்த நிமிடம் ஓடிவரும் காவலாளி ஆகிய மூன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்துக்குள் அதைக் கொளுத்துவது எப்படிப் பார்த்தாலும் தவறு.

ஸ்பீக்கரைக் கொண்டுபோகவே முடியாத இடங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் அருகே மலைக்குள் குடையப்பட்ட இஞ்சிண்டவுன் எண்ணெய்க் கிடங்குக்குள் ஆள் நுழைய இருக்கும் வழியே ஒரு குறுகிய குழாய்தான். சால்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டிரெவர் காக்ஸ் அங்கே வெற்றுத் தோட்டா போட்ட கைத்துப்பாக்கியைச் சுட்டுத்தான் அளந்தார். 125 ஹெர்ட்ஸில் கிடைத்த அளவு 112 விநாடி. உலகிலேயே மிக நீண்ட எதிர்முழக்கம் என்று கின்னஸில் அது பதிவாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் குறுகிய வெடிப்பொலியே சரியான தேர்வு. நுழைவாயிலும் ப்ளக் பாயிண்டும் உள்ள தேவாலயத்துக்கோ மண்டபத்துக்கோ அந்த நியாயம் பொருந்தாது.

இப்போது ஸ்வீப்புக்கு வருவோம். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ ஃபரினா 2000இல் முன்வைத்த முறைதான் இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது. 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் சம நேரம் கொடுத்து ஏறிச் செல்லும் ஒரு ஸைன் ஒலியை (ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசை மட்டும் உள்ள தூய ஒலி) ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அது ஒலிக்கும் நேரத்தையும் ஓய்ந்த பிறகு தேயும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்கிறோம். பிறகு அந்தப் பதிவை, தலைகீழாகத் திருப்பிய அதே ஸ்வீப்போடு கன்வொல்யூஷன் செய்கிறோம். திருப்பிய ஸ்வீப்பில் உச்ச அலைவரிசையிலிருந்து கீழே இறங்க இறங்க ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் அளவு குறைந்துகொண்டே வரும். கீழ் ஸ்தாயிகளில் ஸ்வீப் அதிக நேரம் தங்கியதை இது ஈடுசெய்கிறது. பல விநாடிகளில் பரவியிருந்த ஆற்றல் முழுவதும் இதனால் ஒரே கணத்துக்குள் மடிந்து ஐ.ஆராக வெளிப்படும், இரைச்சல் மட்டும் மடியாமல் பரவியே கிடக்கும். ஸ்வீப்பின் நீளத்தை இருமடங்காக்கினால் இரைச்சலுக்கு மேல் 3 டெசிபல் கிடைக்கும் என்பது கணக்கு. சுவர் அதிரும்படி ஒரே கணத்தில் ஓங்கி ஒலிக்கத் தேவையில்லாமல், மிதமான அளவில் நீண்ட நேரம் ஒலித்தே பலூனால் எட்ட முடியாத ஆழத்துக்கு வாலைத் தோண்டி எடுக்க முடிவது இதனால்தான்.

இந்த முறையின் அழகான பகுதி இன்னொன்று. எந்த ஸ்பீக்கரும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் செய்யும். 100 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கூடவே 200, 300 ஹெர்ட்ஸும் சன்னமாக வரும். இவற்றுக்கு ஹார்மோனிக் என்று பெயர்; இங்கே 200 ஹெர்ட்ஸ் இரண்டாம் ஹார்மோனிக். ஸ்வீப் 200 ஹெர்ட்ஸை எட்டுவதற்கு முன்பே அந்த 200 ஹெர்ட்ஸ் வந்துவிடுவதால், மடிக்கும்போது அது உண்மையான ஐ.ஆருக்கு முன்னால் போய்த் தனியாக நிற்கும். எவ்வளவு முன்னால் என்பதையும் கணக்கிடலாம்: 15 விநாடி ஸ்வீப்பில் இரண்டாம் ஹார்மோனிக் ஏறத்தாழ 1.5 விநாடி முன்னதாகவும், 30 விநாடி ஸ்வீப்பில் 3 விநாடி முன்னதாகவும் நிற்கும். அதை வெட்டி எறிந்தால் ஸ்பீக்கரின் டிஸ்டார்ஷனில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் அந்த ஹார்மோனிக்குக்கும் மண்டபத்தின் எதிர்முழக்கம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 6 விநாடி எதிர்முழக்கம் உள்ள தேவாலயத்தில் 10 விநாடி ஸ்வீப் போட்டால், முன்னால் நிற்கும் ஹார்மோனிக்கின் வால் உண்மையான ஐ.ஆருக்குள் வந்து விழும். கேட்டால் நேரொலிக்கு முன்பே ஏதோ மங்கலாக முனகுவது போலிருக்கும். ஆகவே இடம் எவ்வளவு முழங்குகிறதோ அவ்வளவு நீளமான ஸ்வீப் வேண்டும். சாதாரண மண்டபத்துக்கு 15 விநாடி, பெரிய கல் கட்டடத்துக்கு 30 விநாடிக்கு மேல் என்பது என் பழக்கம்.

குறுகிய ஸ்வீப்பைப் பலமுறை ஒலித்துச் சராசரி எடுப்பதை விட நீண்ட ஸ்வீப் ஒன்றே மேல். காற்று அசைந்துகொண்டும் வெப்பநிலை மாறிக்கொண்டும் இருப்பதால் இரண்டு பதிவுகள் உச்ச அலைவரிசைகளில் ஒன்றோடொன்று பொருந்தா. சராசரி எடுத்தால் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்வது சத்தத்துக்காக மட்டும் அல்ல, காற்றசைவுக்காகவும்தான். குழல் விளக்குகளின் சோக்கையும் அணைத்துவிடுங்கள். மூன்று முறை பதிவு செய்யுங்கள், ஆனால் அவற்றில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக. ஸ்வீப்பின் நடுவே ஒரு கதவு அறைந்தாலோ புறா படபடத்தாலோ, மடித்த பிறகு அது ஐ.ஆருக்குள் மேலிருந்து கீழ் நோக்கி வழுக்கும் ஒரு 'ஊய்ங்' ஒலியாகத் தெரியும். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. வேறு பதிவுக்குப் போய்விடுங்கள்.

ஸ்பீக்கருக்கு ஒரு கருவி, பதிவுக்கு வேறொரு கருவி என்று வைத்துக்கொள்ளவே கூடாது. போனிலிருந்து ப்ளூடூத் வழியாக ஸ்வீப்பை ஒலித்துத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்பவர்கள் செய்யும் தவறு இது. இரண்டு கருவிகளின் கடிகாரங்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தாலே 15 விநாடியில் 150 மைக்ரோவிநாடி நழுவிவிடும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்றே 100 மைக்ரோவிநாடிதான். விளைவாக ஐ.ஆரின் கூர்மையான தொடக்கம் இழுபட்டுப் போகும். ஸ்வீப் வெளியே போவதும் மைக் உள்ளே வருவதும் ஒரே ஆடியோ இண்டர்ஃபேஸில் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் கருவி) நடக்க வேண்டும். சத்தத்தின் அளவில் நிதானம் தேவை: தொடர்ந்து ஏறும் உச்ச ஸ்தாயி ட்வீட்டரின் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) சுருளைச் சுட்டுவிடும், பக்கத்தில் நிற்பவர் காதையும் பாதிக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் ரசனை வேலை செய்கிறது. ஐ.ஆர். ஒரு கட்டடத்தின் ஒலி அல்ல; அந்தக் கட்டடத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வரும் ஒரே பாதையின் ஒலி. ஒலிமூலத்தை இரண்டு மீட்டர் நகர்த்தினால் முதல் பிரதிபலிப்புகள் அனைத்தும் மாறிவிடும். நேரொலியும் எதிர்முழக்கமும் சம வலிமையோடு இருக்கும் தூரத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: அறையின் கன அளவை எதிர்முழக்க நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 0.057ஆல் பெருக்க வேண்டும். 5,000 கன மீட்டரும் 2 விநாடியும் உள்ள அரங்கில் அது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்தாம் வரிசையில் மைக்கை வைத்தால் வருவது பெரும்பாலும் எதிர்முழக்கம்தான். குரலுக்கு நான் இரண்டு பதிவுகள் எடுப்பேன்: அந்தத் தூரத்தைப் போல் இரண்டு மடங்கில் ஒன்று, அரங்கின் கடைசிப் பகுதியில் ஒன்று. முதலாவது குரலுக்கு ஓர் இடத்தைக் கொடுக்கும். இரண்டாவது அகலத்தைக் கொடுக்கும்.

அளவீட்டுக்காரர்கள் பன்னிரண்டு முகம் கொண்ட ஸ்பீக்கரைப் பயன்படுத்துகிறார்கள், எல்லாத் திசையிலும் சமமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக. பாட்டுக்கு அது கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. மனிதர் எல்லாத் திசையிலும் பாடுவதில்லை. பாடகர் நிற்கும் இடத்தில், வாய் உயரத்தில், அரங்கை நோக்கி ஒரு நல்ல ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கரை வைத்தால் கிடைக்கும் ஐ.ஆர். குரலோடு இயல்பாகப் பொருந்துகிறது. அதன் அடித்தள ஒலி எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவுதான் உங்கள் ஐ.ஆரும் போகும். மைக்குக்கு, அரை மீட்டர் இடைவெளியில், எல்லாத் திசை ஒலியையும் ஏற்கும் இரண்டு ஆம்னி மைக்குகள் போதும். சிறிய கேப்ஸ்யூல் கொண்ட மலிவான அளவீட்டு மைக்குகளின் அலைவரிசை நேராக இருக்கும், ஆனால் சொந்த இரைச்சல் அதிகம். நள்ளிரவு அமைதியில் உள்ள கல் மண்டபத்தில் இரைச்சலின் அடிமட்டத்தைத் தீர்மானிப்பது மண்டபமாக இல்லாமல் அந்த மைக்காக இருந்துவிடும். மேடையின் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என ஸ்பீக்கரை நகர்த்தித் தனித்தனியாக ஸ்வீப் ஒலித்தால் நான்கு ஐ.ஆர்கள் கிடைக்கும். ட்ரூ ஸ்டீரியோ என்று ப்ளக்இன்கள் கேட்பது அதைத்தான். பியானோ போன்ற அகலமான ஸ்டீரியோ பதிவுகளுக்கு இது மிகவும் பயன்படும். ஒற்றைக் குரலுக்கு நடுவில் ஒரு ஸ்வீப்பே போதும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஸ்பீக்கர் எங்கே, மைக் எங்கே, உயரம் என்ன, எந்தக் கதவு திறந்திருந்தது என்பதை எழுதி வையுங்கள். வெனிஸின் லா ஃபெனிச்சே ஓபரா அரங்கு 1996 ஜனவரியில் தீக்கிரையாவதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஒலியியலாளர் லம்பெர்ட்டோ ட்ரோங்கின் அதன் ஒலியை அளந்து வைத்திருந்தார். 2003இல் மீண்டும் திறக்கப்பட்ட அரங்கைக் கட்டியெழுப்பும்போது அந்த அளவீடுகள் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்தன. பாரிஸின் நோத்ர-தாம் பேராலயத்திலும் 2019 தீக்கு முன்பே ஒலியியலாளர் பிரையன் காட்ஸ் குழுவினர் எடுத்த பதிவுகள் இருந்தன. 2020இல் மறுபடி அளந்தபோது எதிர்முழக்கம் குறைந்திருப்பதை அவற்றோடு ஒப்பிட்டே சொல்ல முடிந்தது.

ஆள் இல்லாத மண்டபத்தில் பதிவு செய்வதால், ஐ.ஆர். நீங்கள் கச்சேரியில் கேட்டு நினைவில் வைத்திருப்பதை விட நீளமாக வரும். துணியும் உடலும் ஒலியை எவ்வளவு விழுங்குகின்றன என்பதை 1895 முதல் ஹார்வர்டில் இருக்கை மெத்தைகளைக் கொண்டு அளந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், சாலைச் சத்தம் அடங்கிய நள்ளிரவுக்கு மேல் வேலை செய்தார். தன் உடையே கணக்கை மாற்றுகிறது என்று கண்டு எப்போதும் ஒரே உடையை அணிந்தார். நீங்களும் உதவியாளரும் தூணுக்குப் பின்னால் அசையாமல் நின்றால் போதும். நீளம் அதிகமாகப் பட்டால் ப்ளக்இன்னில் தேய்வைக் கொஞ்சம் விரைவாக்கிக்கொள்ளலாம். இல்லாத நீளத்தை உண்டாக்குவதைவிட இருப்பதைக் குறைப்பது எளிது.

வீட்டுக்கு வந்தபின் வேலை கொஞ்சம்தான். மடித்துக் கிடைத்த ஐ.ஆரின் தொடக்கத்தில் நிற்கும் நேரொலியை வெட்டிவிடுங்கள். அந்த வேலையை உங்கள் ட்ரை குரலே செய்துவிடும், இரண்டும் சேர்ந்தால் குரல் தகரம் போலாகிவிடும். முதல் பிரதிபலிப்பு வரை இருக்கும் மௌனத்தை மட்டும் விட்டுவையுங்கள், அறையின் அளவு காதுக்குத் தெரிவது அந்த இடைவெளியால்தான். வால் இரைச்சலைத் தொடும் இடத்தைக் கண்டு அதற்குச் சற்று முன்பே சீராக ஃபேட் செய்யுங்கள் (ஒலியைப் படிப்படியாகக் குறைத்து முடியுங்கள்). உச்ச அலைவரிசைகளைக் காற்றே விழுங்கிவிடுவதால் அவை முதலில் இரைச்சலுக்குள் போகும், அடித்தளம் கடைசியில் போகும்; எனவே ஒரே ஃபேட் போடாமல் மூன்று நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அது இரைச்சலைத் தொடும் இடத்தில் முடிப்பது நல்லது. கோப்புகளைச் சேமிக்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நார்மலைஸ் (உச்ச அளவுக்கு உயர்த்துவது) செய்துவிடாதீர்கள். இடது மைக்குக்கும் வலது மைக்குக்கும், அருகுப் பதிவுக்கும் தொலைவுப் பதிவுக்கும் இடையிலான அளவு வேறுபாடு அந்த இடத்திலிருந்து வந்தது. ஒரு தொகுப்பு முழுவதற்கும் ஒரே அளவு கூட்டுங்கள், அல்லது தொடாமல் விட்டுவிடுங்கள்.